ஐந்து மணிக் கெடு

அத்தியாயம் 14

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏ.சி. பெட்டி செய்கிற தொழிற்சாலை. ஊர் உலகத்தையெல்லாம் குளிர வைக்கிற அந்தப் பெட்டிகள் உருவாகும் கூடத்துக்குத் தகரக் கூரை. ஒரு பக்கம் செப்புக் குழாய்களை ஒட்டவைக்கும் நெருப்பு, இன்னொரு பக்கம் பெயின்ட் உலர்த்தும் அடுப்பு. வேலை செய்துகொண்டே பாடுவதால் பாட்டுக்காரன் என்று பேர் வாங்கியவன், இந்தக் கோடையில் ஒருநாள் பாதிப் பாட்டில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. மறுநாள் முன்னூறு பேர் வெளியே வந்துவிட்டார்கள். கேட்டது ஒன்றே ஒன்று. கூடத்தின் சூடு நாற்பது டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும்.

அக்கா போராட்டக் குழுவின் செயலாளர். பதினேழு வருஷம் குழாய் ஒட்டியவள். தம்பிக்கு அதே கூடத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வேலை. தம்பியின் மனைவி தொழிற்சாலையில் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்து அந்த ஊர்ப் பேச்சைக் கரைத்துக் குடித்தவள். அதே கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலை அந்த நாட்டில்தான் இருக்கிறது. அங்குள்ள சங்கத்தோடு பேச இவளை விட்டால் ஆளில்லை. பந்தலில் இவளுக்கு 'மொழி' என்றே பேர் விழுந்துவிட்டது.

போன வாரம் தம்பியின் தலைக்கவசத்துக்குள் மடித்து வைத்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாளை மொழி கண்டெடுத்தாள். சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் போய்விட்டது. வருஷக்கணக்காகச் சூட்டில், நேரத்துக்குத் தண்ணீர் குடிக்காமல் நின்ற உடம்பு. இனிமேல் அந்தச் சூட்டில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோரிக்கை ஜெயித்தால் வேலையும் தங்கும், ஆளும் தங்குவான். இல்லாவிட்டால் இரண்டில் ஒன்றுதான். "அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று தம்பி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

இனி நாற்பத்தோராவது நாள்.

சங்க அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்றடிக்கிற மெஷின் ஓடினால் மேலே நாற்காலி நடுங்கும். சுவரில் நீளமான தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கூடத்தின் சூடு, மணிவாரியாக, சிவப்பு மையில். கல்லூரி மாணவர்கள் எழுதிக் கொடுத்தது. பூமி கொதிக்கிறது என்று தெருத் தெருவாகக் கத்திக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளுக்குப் பந்தலில் 'வெயில் கட்சி' என்று பேர். முதலில் கேலியாக வைத்த பேர்தான். பிறகு அவர்கள்தான் தெர்மாமீட்டர் கொண்டுவந்தார்கள், வெளிநாட்டுச் சங்கத்தின் எண்ணைத் தேடிப் பிடித்தார்கள், கம்பெனி லாரிக்கு முன்னால் படுத்தார்கள். படுத்தவர்களில் மூன்று பேர் இன்னும் ஜெயிலில் இருக்கிறார்கள்.

காலை பத்து மணி. குழுவின் ஐந்து பேரும் வந்தாயிற்று. மேஜைமேல் யாரோ ஒரு தொழிலாளி கொடுத்துவிட்டுப் போன கம்பெனிப் படிவம் ஒன்று கிடந்தது. ஆளுக்கொன்று, பேர் அச்சடித்து, வீட்டுக்கே வந்திருந்தது. நன்னடத்தை உறுதிமொழி. இன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கேட்டில் கொடுப்பவர்கள் வேலைக்குத் திரும்பலாம். மற்றவர்கள் தாங்களாகவே வேலையை விட்டவர்கள். குழுவிலிருந்த ஐந்து பேருக்கு மட்டும் படிவமே வரவில்லை.

"நமக்கு மரியாதை ஜாஸ்தி. கையெழுத்துகூடக் கேக்கல" என்றார் பெயின்டர். பெயின்ட் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர். தும்மினாலும் கைக்குட்டை நீலமாகும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே யோசனைதான். இங்கே நின்றுபோன வேலையில் பெரும்பகுதியைக் கம்பெனி அந்த நாட்டுத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டது. அங்குள்ளவர்கள் அதைத் தொடமாட்டோம் என்று ஓட்டுப் போட்டுச் சொல்லிவிட்டால், கோடை முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தே ஆக வேண்டும். அந்த ஓட்டின் முடிவைத்தான் இன்று காலை சொல்வதாக இருந்தது.

மொழி போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்தாள். திரையில் கம்பிரசர்க்காரியின் முகம் வந்தது. அங்கே கம்பிரசர் பிரிவில் வேலை பார்ப்பவள், ஐம்பதை ஒட்டிய வயது. வழக்கமாக வந்ததும் கையைத் தூக்கி வாழ்த்துவாள். இன்று தூக்கவில்லை. தலை நனைந்திருந்தது. பின்னால் மெஷின்களுக்கு நடுவே மெத்தைகள், மூட்டைகள், தூங்குகிற குழந்தைகள்.

அவள் பேச ஆரம்பித்தாள். நிறுத்தாமல் பேசினாள்.

ஒன்பது நாளாக மழை. ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. வயதானவர்களுக்குக்கூட இப்படியொரு தண்ணீர் ஞாபகத்தில் இல்லை. ஊரில் காய்ந்த இடம் என்று இருப்பது தொழிற்சாலையின் மூன்றாவது மாடிதான். கம்பெனி மெத்தை கொடுத்தது, சாப்பாடு கொடுத்தது. பிறகு ஒரு தாளையும் கொடுத்தது. மாற்றி வந்த வேலையைச் செய்கிறவர்கள் குடும்பத்தோடு தங்கலாம்.

"நேத்து ஓட்டு எடுத்தோம். தோத்துட்டோம். திங்கள்கிழமையிலேர்ந்து உங்க வேலையை எங்க ஆளுங்க செய்யப் போறாங்க. நான் எதிர்த்துத்தான் போட்டேன். ஆனா மத்தவங்களைத் திட்ட எனக்கு வாய் வரல. பிள்ளைங்களைத் தண்ணியில எறக்கச் சொல்லவா? உங்க முகத்தைப் பாக்கக் கூசுது."

இதெல்லாம் மொழிக்கு மட்டும்தான் புரிந்தது. மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்தது ஒரு பெண் அழுவது மட்டும்.

"ஏம்மா அழுவுறாங்க?" என்றார் பெயின்டர்.

"வெள்ளம்" என்றாள் மொழி. "வீடெல்லாம் போயிடுச்சாம். தொழிற்சாலையிலதான் தங்கியிருக்காங்க."

"அடக் கடவுளே. ஓட்டு?"

மொழி தண்ணீருக்குக் கை நீட்டினாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தால் போன் விழுந்துவிடும். இதைச் சொன்னால் மூன்று மணிக் கூட்டத்தில் எல்லாம் முடிந்துவிடும், ஐந்து மணிக்கு முன்னூறு பேரும் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் தம்பியும் நிற்பான். நாளைக்கே அடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்பான்.

"இன்னும் எடுக்கலையாம்" என்றாள். "தண்ணி வடிஞ்சதும் எடுப்பாங்களாம். ரெண்டு மூணு நாள். ஆனா எல்லாரும் நம்ம பக்கம்தானாம்."

பெயின்டர் மேஜையைத் தட்டினார். "கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு நம்மள நினைக்கிறாங்கய்யா!"

அக்கா எழுந்து திரைக்கு முன்னால் குனிந்தாள். நாற்பது நாளில் அவள் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை மொழி பார்த்ததில்லை.

"சொல்லு மொழி. உங்க வீடு போன நேரத்துலயும் எங்க கூட நிக்கிறீங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம்னு சொல்லு. நாங்க எல்லாரும் நன்றி சொல்றோம்னு சொல்லு."

ஐந்து பேரும் திரையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். சிரித்தார்கள்.

மொழி அந்தப் பாஷையில் சொன்னாள்: "பரவாயில்ல. எங்களுக்குப் புரியுது. நன்றி சொல்றாங்க."

சாபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த கம்பிரசர்க்காரி, அந்த ஐந்து சிரித்த முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தொடர்பு அறுந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது தம்பி சிமென்ட் தரையில் சட்டையில்லாமல் மல்லாந்து கிடந்தான். தரையின் குளிர்ச்சிக்காக. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஜன்னலில் அவன் பேர் அச்சடித்த படிவம், காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கிண்ணத்தோடு.

மொழி உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவன் எழுந்து உட்கார ஒரு நிமிஷம் ஆனது.

"யாருக்காக இப்படிப் பண்ணின?"

"வேற யாருக்காகங்க?"

"முன்னூறு பேர் வாயில மண்ணு விழுந்தா அது என் தலையில விழும். அது தெரியுமா உனக்கு? அவனவன் அஞ்சு மணிக்குள்ள முடிவு பண்ணணும். எதை வெச்சு முடிவு பண்ணுவான்? நீ சொன்ன பொய்யை வெச்சா?"

"அப்ப நீங்க போயி அடுப்புக்கிட்ட நின்னு சாவுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்று மறுபடி ஆரம்பித்தது. தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"கூட்டத்துக்கு முன்னாடி அக்காகிட்ட சொல்லிடு."

"ஏன் பொய் சொன்னேன்னு அண்ணி கேப்பாங்களே."

"ஏதாவது சொல்லு."

"எதைச் சொன்னாலும் உங்க கிட்னிதாங்க வெளிய வரும். சத்தியம் வாங்கினது நீங்கதானே?"

தம்பி மறுபடி தரையில் சாய்ந்தான். கண்டிப்பாகச் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவன் வாய் மூடிய அந்த நேரத்தை மொழி தன் வசதிக்கு எடுத்துக்கொண்டாள். மெதுவாகச் சாப்பிட்டாள், மெதுவாகப் புடவை மாற்றினாள். பந்தலுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். அக்கா மைக்கைப் பிடித்திருந்தாள்.

பந்தல் என்று பேருக்குத்தான். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே நாலு கம்பம், மேலே லாரித் தார்ப்பாய். அதற்குள் கொள்ளாமல் ஆட்கள் சாலையோரம் வரை நின்றார்கள். பாதிப் பேர் சட்டைப் பையில் படிவம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மறைக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

அக்கா பெரிய பேச்சாளி இல்லை. வீட்டில் பேசுகிற மாதிரிதான் பேசுவாள்.

"இங்க நம்மள வெயில் சுடுது. அங்க அவங்களை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போகுது. ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்துதான் வருது. நம்ம ரெண்டு பேர் தலையிலயும் ஏறி உக்காந்திருக்குறதும் ஒரே கம்பெனிதான். வீட்டைத் தண்ணி கொண்டுபோன பிறகும் அவங்க நம்மள விடல. காலைல என் கண்ணால பாத்தேன். ரெண்டே நாள் கேக்குறாங்க. நாற்பது நாள் நின்னவங்களுக்கு ரெண்டு நாள் பெருசா?"

கூட்டத்தின் நடுவில் டீச்சர் எழுந்தாள். பேக்கிங் பிரிவு. யார் தப்பாகப் பேசினாலும் திருத்துவதால் டீச்சர். ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம்தான். இன்று கையெழுத்துப் போடுவதென்று காலையிலேயே முடிவு செய்துவிட்டவள், அதைப் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் வெட்கத்தோடு சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

"வீடு போனவ நிக்கிறா. எனக்கு என்ன கேடு?" என்றாள் டீச்சர். பையிலிருந்து படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

கைதட்டல் சாலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். இன்னும் சிலர் கிழித்தார்கள். போராட்டம் தொடரலாமா என்று அக்கா கேட்க, கைகள் எழுந்தன. எல்லாக் கையும் இல்லை. ஆனால் போதுமான கை.

மொழிக்குக் கண் முன்னால் டீச்சரின் கிழிந்த தாள் மட்டும்தான் தெரிந்தது. நான்கு துண்டு. ஒன்று காற்றில் நகர்ந்து அவள் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நாலு மணி தாண்டியது. அக்கா தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மொழி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, நான் காலைல சொன்னது பொய்."

அக்கா கையில் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டாள்.

"எது பொய்?"

"ஓட்டு நேத்தே முடிஞ்சிடுச்சு. அவங்க தோத்துட்டாங்க. திங்கள்கிழமையிலேர்ந்து நம்ம வேலையை அங்க செய்யப் போறாங்க. தங்க வேற எடமில்ல அண்ணி, அதனாலதான்."

அக்கா அடிப்பாள் என்று மொழி நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

சத்தியம் போனது. தாள், டாக்டர், வீங்கிய கால், எல்லாம் வெளியே வந்தது. சின்ன வயதில் அம்மா போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அந்தத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். இத்தனை நாளும் மைக்கில் பாட்டுக்காரன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினவளுக்கு, அடுத்த ஆள் தன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரியாமல் போயிருந்தது.

"மணி என்ன?"

"நாலு இருபது."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நேராகப் போய் மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. வெளிநாட்டுலேர்ந்து இப்பத்தான் செய்தி வந்துச்சு. அங்க நம்ம வேலையை எடுத்துக்கப் போறாங்க."

யாரோ சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை என்று நினைத்திருக்க வேண்டும்.

"இப்பத்தானா?" என்றார் பெயின்டர். அவர் மொழியின் கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் எந்த அழைப்பும் வரவில்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

"இப்பத்தான்" என்றாள் அக்கா, அவர் கண்ணைப் பார்த்தே.

பிறகு கூட்டத்திடம் சொன்னாள். "அவங்க மேல கோவப்படாதீங்க. தலைக்கு மேல தண்ணி போறவங்களை நாம என்ன கேக்க முடியும்? கையெழுத்துப் போடணும்னு நினைக்கிறவங்க இப்பவே போங்க. நாற்பது நிமிஷம் இருக்கு. யாரும் யாரையும் துரோகின்னு சொல்லக் கூடாது. சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சாலையைக் கடந்தார். அவர் பின்னால் இரண்டு பேர். அப்புறம் தார்ப்பாய்க்கு அடியில் காலியாவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது, அணை திறந்த மாதிரி. நாற்பத்தொரு நாள் கட்டி எழுப்பியது நாற்பது நிமிஷத்தில் ஒரு வரிசையாக மாறி, கேட்டின் கம்பிக்கு வெளியே நின்றது.

டீச்சர் தரையில் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று கிடைத்தன. நான்காவதை மொழி கொண்டுபோய்க் கொடுத்தாள். டீச்சர் பையில் பேக்கிங் டேப் எப்போதும் இருக்கும். தன் முழங்கால்மேல் வைத்து, இத்தனை வருஷம் பெட்டி ஒட்டின கையால், ஓரம் ஒரு நூல் பிசகாமல் ஒட்டினாள்.

கேட்டில் இருந்த அதிகாரி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"கிழிஞ்சது செல்லாதும்மா."

"ஒட்டியிருக்கேன் சார். பேரு, நம்பரு எல்லாம் தெரியுது பாருங்க."

"யாரு கிழிச்சது?"

டீச்சர் வாயைத் திறந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "நான்தான்" என்றாள்.

"அப்ப உங்க இஷ்டப்படிதானே நடந்திருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

டீச்சர் வரிசையை விட்டு விலகி வந்தாள். மொழியைப் பார்த்து, "நல்லாத்தான் ஒட்டினேன்" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அதனால் மொழியின் தோளிலேயே கை வைத்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். மொழி அந்தக் கையின் கீழ் அசையாமல் நின்றாள்.

அப்போதுதான் வரிசையின் கடைசியில் தம்பியைப் பார்த்தாள்.

வேலைச் சட்டை போட்டிருந்தான். படிவத்தை ஒருவன் முதுகில் வைத்து எழுதிக்கொண்டிருந்தான். மொழி ஓடினாள். அக்கா அவளுக்கு முன்னாலேயே அங்கே போய் அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"டேய், வெளிய வா."

"விடு அக்கா."

"எனக்கு எல்லாம் தெரியும்டா. வா."

தம்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தான். சத்தியத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"தெரிஞ்சா நல்லது. உனக்கு இனி இங்க வேலை இல்ல. இவளுக்கு எங்கயும் வேலை இல்ல. நானும் வெளிய நின்னா மூணு பேரும் என்ன பண்ணுவோம் சொல்லு? வீட்டுல உக்காந்து என் கிட்னியைப் பாத்துக்கிட்டு இருப்போமா?"

"வேற எங்கயாவது பாக்கலாம்டா."

"எங்க, அக்கா? வெயில் இல்லாத ஊரா?"

அவன் மறுபடி எழுதக் குனிந்தான். ஏழாவது கேள்வியை மொழி அவன் தோளுக்கு மேலிருந்து படித்தாள். உடல்நலக் குறைபாடு ஏதேனும் உண்டா? அவன் 'இல்லை' என்று எழுதினான். ஐகாரத்தைக்கூட அழகாகப் போட்டான்.

"என்னங்க…"

"ஏன், நீ மட்டும்தான் பொய் சொல்லணுமா?" என்றான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதிகாரி தாளைப் பார்த்தான், அக்காவையும் பார்த்தான். "செயலாளரோட தம்பியா? வா, வா" என்று தனியாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டான். தேங்கிய வேலையை முடிக்க உடனே ஒரு ஷிஃப்ட் ஆரம்பிக்கிறார்களாம். அடுப்புப் பிரிவுக்கு ஆள் போதவில்லையாம்.

ஐந்து மணிக்குக் கேட் சாத்தப்பட்டது. ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. நாற்பத்தொரு நாள் புகையில்லாமல் கிடந்த அடுப்புக் குழாயிலிருந்து முதலில் கொஞ்சம் கரும்புகை வந்து, பிறகு புகையே தெரியாமல் மேலே காற்று மட்டும் நடுங்கியது.

பந்தலில் பதினோரு பேர் மிச்சம். குழுவின் ஐந்து பேர், டீச்சர், இன்னும் சிலர். பெயின்டர் கொடிக்கம்பத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துப் பார்த்தார்.

"மொழி" என்றார், கயிற்றை விடாமலே. "அந்தச் செய்தி எப்ப வந்துச்சும்மா?"

மொழி பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கம்பிரசர்க்காரி.

திரை ஆடியது. இந்த முறை பின்னால் மெஷின் இல்லை, மெத்தை இல்லை. பழுப்புத் தண்ணீர். அவள் ஒரு படகில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு இன்னும் பெண்கள், மடியில் மூட்டைகள், ஒருத்தி தலைமேல் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மழையைத் தடுத்துக்கொண்டு. எல்லோரும் திரையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். கம்பிரசர்க்காரி சத்தம் போட்டுப் பேசினாள். சிரித்தாள்கூட.

அக்கா வந்து மொழியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்தத் தடவை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாத, ஒரு வார்த்தை குறைக்காத."

பெயின்டரின் கை கயிற்றில் நின்றது.

மொழி சொன்னாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"காலைல ஓட்டுல தோத்துட்டோம்னு சொன்னப்ப நீங்க திட்டுவீங்கன்னு நினைச்சாங்களாம். ஆனா நீங்க அஞ்சு பேரும் சிரிச்சீங்களாம். கையைத் தூக்கி நன்றி சொன்னீங்களாம். அதைப் போயி எல்லார்கிட்டயும் சொன்னாங்களாம். இப்படிப்பட்டவங்களுக்கா நாம துரோகம் பண்றோம்னு கேட்டாங்களாம்."

"அப்புறம்?"

"பதினாலு பேர் வேலையைத் தொடமாட்டோம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. கம்பெனி அவங்களைக் குடும்பத்தோட வெளிய அனுப்பிடுச்சு. நீங்க நிக்கிற வரைக்கும் நாங்களும் நிப்போம், தைரியமா இருங்கன்னு சொல்றாங்க."

தார்ப்பாயின் ஓரம் காற்றில் படபடத்தது. பெயின்டர் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். காலையில் அவளுடைய பேச்சை நம்பி மேஜையைத் தட்டின மனுஷன். இப்போது அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். டீச்சருக்கும் புரிந்தது. அவள் மடியில் ஒட்டிய படிவம் இருந்தது. அவள் மொழியைப் பார்க்கவில்லை.

"நிக்கிறோம்னு சொல்லிடலாமே" என்றார் கூட்டத்தில் ஒருவர், மெல்ல. "இத்தனை தூரத்துல என்ன தெரியப் போவுது?"

"வேணாம்" என்றாள் அக்கா. "ஒரு தடவை சொன்னதுக்கே அங்க பதினாலு குடும்பம் தண்ணியில இருக்கு. உள்ளதைச் சொல்லு மொழி."

மொழி சொன்னாள். முடிந்துவிட்டது என்பதற்கு அந்தப் பாஷையில் சின்னச் சொல்தான். அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. காலையில் சொன்ன பொய்யையும் சொன்னாள், யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்பதையும். படகில் தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வாளியைக் கவிழ்த்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் என்ன, என்ன என்று கேட்பது கேட்டது. கம்பிரசர்க்காரி திரும்பி அவர்களுக்கு ஏதோ சொன்னாள்.

பிறகு அவள் திரைக்கு மிக அருகில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ன கேக்குறாங்க?" என்றாள் அக்கா.

"'அப்ப நாங்க இப்ப எங்க போறது?'ன்னு கேக்குறாங்க அண்ணி."